சம்பந்தியின் அடிச்சோறு

வேலையிடத்தில் அழுக்குச் சட்டியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அது ஒரு வியாதி. ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் வுப்பர்டாலில் ஒரு உணவகத்தில் சட்டியும் கோப்பையும் கழுவுகிறேன். வேறு வேலைக்குப் படிப்பு இல்லை.

என் மகள் துளசிக்கு ஆரஷ் என்ற ஈரான்காரப் பெடியனைப் பிடித்துவிட்டது. எங்களுக்குச் சம்மதம். (இல்லாவிட்டாலும் யார் கேட்கப் போகிறார்கள்.) பெடியனின் தாய் பர்வீன்தான் பிடி கொடுக்கவில்லை. ஒரே மகன். உங்கள் வீட்டுக்கு வந்து நானே சமைக்கிறேன், சாப்பிட்டபின் முடிவு சொல்கிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு சொந்தச் சட்டியோடு வந்தார். ஒரு அடுப்பில் கீரையும் கறுத்துக் காய்ந்த தேசிக்காயும் போட்டு இறைச்சிக் குழம்பு. மற்றதில் குங்குமப்பூத் தண்ணீர் தெளித்த சோறு. மூடிக்குத் துவாய் கட்டி, சூட்டைக் குறைத்துவிட்டு, மேசை அடுக்க முன்னறைக்குப் போனார்.

நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். சோறு அடிப்பிடிக்கிற மணம். மூடியைத் திறந்து கரண்டியை விட்டுப் பார்த்தேன். மேலே பூப்போலச் சோறு. அடியில் பலகை மாதிரிப் பிடித்திருந்தது.

பாவம் மனுசி, பழக்கமில்லாத அடுப்பு என்று நினைத்தேன். சம்பந்தம் பேச வந்த இடத்தில் அவர் தலை குனியக்கூடாது. நல்ல சோற்றை வேறு பாத்திரத்தில் போட்டேன். சட்டியில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கம்பித்தும்பால் உரஞ்சினேன். அது விடவில்லை. நானும் விடவில்லை.

பர்வீன் பெரிய தட்டோடு வந்தார். சட்டி பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது.

"எங்கே?" என்றார் ஜெர்மனில்.

"அடிப்பிடித்திருந்தது. கழுவிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன்," என்றேன் நானும் ஜெர்மனில், மெதுவாக.

அவர் தொட்டியைப் பார்த்தார். பொன்னிறத் துண்டுகள் நுரையில் மிதந்தன. கதிரையில் இருந்துவிட்டார்.

துளசி ஓடிவந்தாள், பின்னால் ஆரஷ். "அப்பா, அதுதான் அவையின்ர விசேசமே. வேணுமெண்டுதான் பிடிக்க விடுறவை. விருந்தாளிக்கு முதல் குடுக்கிறதே அதைத்தான்."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்?"

என் மனைவி வாசலில் நின்றாள். "இவ்வளவு வருசமா வீட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவாத மனுசன். இண்டைக்குப் பாத்துத்தான் கழுவ வெளிக்கிட்டவர்."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று பர்வீன் கேட்டார்.

துளசி என்னைப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "அப்பா வீட்டில் எப்போதும் இப்படித்தானாம். ஒரு சட்டி கிடக்க விடமாட்டாராம்."

(பெற்ற பிள்ளை. கண் சிமிட்டவில்லை.)

பர்வீன் கவிழ்ந்து கிடந்த சட்டியை எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பி, எனக்கும் விளங்க ஜெர்மனிலேயே சொன்னார்: "உன் அப்பாவுக்குக் குசினி எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியாது. நீ இவரைப் பார்த்துப் பழகு."

அதுதான் சம்மதம்.

கலியாணம் நடந்தது. பொய்யும் நிலைத்துவிட்டது. இரண்டு வீட்டிலும் எந்த விருந்தென்றாலும் முதலில் அடிச்சோற்றைக் கவிழ்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகுதான் எனக்குக் குசினியில் அனுமதி. "மாமா, இனிப் பயமில்லை, வாங்கோ," என்று ஆரஷ் பழகிய தமிழில் கூப்பிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

கிழமை முழுக்க வேலையில் கழுவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்திக்கு முன்னால் கழுவுகிறேன். மனைவி பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறாள்.

"வடிவா உரஞ்சுங்கோ," என்கிறாள். "பிள்ளையின்ர வாழ்க்கை."