வெள்ளவத்தையில் ஒரு வக்கடை

கூச்சக்காரன் பெரிய பிழை எதுவும் விடமாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். நான் வாயே திறக்காமல் கொழும்பில் ஒரு மேல்மாடி வீட்டைக் குளமாக்கியவன். அதுவும் தேனிலவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது.

அறுபதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு அக்கராயனில் வயல் செய்துகொண்டிருந்தேன். பரமேஸ்வரி ஸ்கந்தபுரத்துப் பெண். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் நாலாம் சடங்கு, பிறகு இரண்டு வீட்டு விருந்து, பிறகு வயல். அவ்வளவுதான். ஆனால் பரமேசின் தாய்மாமன் கொழும்பில் கிளாக்கர். "நான் பத்து நாள் லீவில ஊரில நிப்பன். வெள்ளவத்தை வீடு சும்மா கிடக்கும். சோடியாப் போய் இருந்திட்டு வாங்கோ" என்று திறப்பைக் கையில் வைத்துவிட்டார்.

அது வாடகை வீடு. எடுப்பதற்கு மாமா மூன்று வருடம் அலைந்தவர். வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா கீழ்வீட்டில் இருந்தார். ஒரு சின்னக் குறை கண்டாலும் வாடகைக்கு இருப்பவர்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவதில் பேர்போனவர். "அவாவோட மட்டும் கவனம். எனக்கு வேற வீடு கிடையாது" என்று மாமா இரண்டு தரம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். (அந்தக் காலத்தில் என் பேச்சில் பாதி தலையாட்டல்தான்.)

முதல் எட்டு நாளும் ராசபோகம். விடிய நாலு மணிக்குப் பழக்கதோஷத்தில் எழும்பி, அவிழ்க்க மாடில்லாமல் கதிரையில் குந்தியிருப்பேன். பிறகு தேநீர், கடற்கரை, இரண்டு தட்டு பஸ், ஐஸ்கிறீம், மத்தியானத் தூக்கம். பரமேஸ் கதைப்பாள், நான் நிலத்தைப் பார்த்துக் கேட்பேன். கலியாணமாகி மூன்று கிழமையாகியும் அவளுடைய செருப்பை எனக்குத் தெரிந்த அளவுக்கு முகத்தைத் தெரியாது.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் நான் வீரன். "கொழும்பு எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். (உழவு மிசினுக்குச் சாமான் வாங்க ஒருமுறை போய், அன்று பின்னேரமே ரயில் ஏறியவன்.)

ஒன்பதாம் நாள் காலை பைப்பில் தண்ணீர் வரவில்லை. கீழிருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்தார்: "பிள்ளையள், ரோட்டில குழாய் திருத்துறாங்கள். மத்தியானம் போலதான் தண்ணி வருமாம்!"

இது எனக்குத் தெரிந்த சங்கதி. எங்கள் வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரம்பில் தண்ணீர் விட வெட்டுகிற வாயை வக்கடை என்போம். உன் முறை வரும் நேரத்தில் மேல் வக்கடை திறந்திருக்க வேண்டும். கீழ் வக்கடை கட்டியிருக்க வேண்டும். தவறினால் பக்கத்து வயல்காரன் உன் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுவான். பிறகு அடுத்த கிழமைதான்.

ஆகவே குசினிப் பைப்பையும் குளியலறைப் பைப்பையும் முழுதாகத் திறந்துவிட்டேன். வருகிற தண்ணீர் வீணாகாமல் இருக்க, குசினித் தொட்டியிலும் குளியலறைத் தொட்டியிலும் தண்ணீர் போகிற ஓட்டைகளைப் பழந்துணியால் இறுக்கி அடைத்தேன். வயல் செய்கிற நல்ல கமக்காரனின் வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.

பரமேஸ் வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பைப்பைப் பூட்டிப்போட்டுப் போவமே?"

"முறைத் தண்ணி. வாய் திறந்திருக்க வேணும்."

"இது வயல் இல்லையே..."

"கொழும்பு எனக்குத் தெரியும்" என்றேன். அந்த இரண்டு பதிலும்தான் அன்று முழுவதும் நான் பேசிய மிக நீண்ட பேச்சு. அன்று பின்னேரம்வரை என்று திருத்திக்கொள்கிறேன்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனோம். நீர்யானை ஒன்று தொட்டி நிறையத் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. எங்கள் தொட்டியும் இந்நேரம் நிரம்பியிருக்கும் என்று நினைத்து எனக்குள் ஒரு நிம்மதி.

நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். தெருக்கதவைத் திறந்தால், மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மனதில் முதலில் வந்தது சந்தோசம். "முறை வந்திட்டுது!"

அடுத்த கணம் கீழ்வீட்டு விறாந்தை தெரிந்தது. அங்கே வீட்டுக்கார அம்மா, வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். மேல்மாடியின் பலகை இடுக்குகளால் சொட்டுச் சொட்டாக மழை.

"தம்பி, வெளியில நல்ல வெயில். என்ர வீட்டுக்குள்ள மட்டும் ஏன் பெய்யுது?"

நான் வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

பரமேஸ் என்னைத் தள்ளிக்கொண்டு படியேறினாள். சேலையைத் தூக்கிச் சொருகினாள். இரண்டு பைப்பையும் பூட்டினாள், துணிகளை இழுத்து எறிந்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள், வயலைப் பார்ப்பதுபோல. மாமாவுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசிச் சாக்கைத் தனியே இழுத்து, மாடிப்படியின் தலைப்பில் குறுக்கே போட்டாள். அணை! மாமாவின் பாயைச் சுருட்டி இன்னொரு வரம்பு. தண்ணீர் படியை மறந்து, பால்கனியில் மழைத்தண்ணீர் போகிற ஓட்டையைத் தேடிப் போயிற்று. அத்தோடு நிற்கவில்லை. என் கலியாண வேட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய் விறாந்தை முழுவதையும் துடைத்தாள். அன்றுதான் நான் அவளுடைய முகத்தை ஆற அமரப் பார்த்தேன். முழங்கால்வரை நனைந்து, நெற்றியில் முடி ஒட்டி இருந்தாள். இப்படி ஒரு கெட்டிக்காரியையா எனக்குக் கட்டிவைத்தார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வீட்டுக்கார அம்மா குடையை மடக்காமலே அவளைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உனக்குப் புத்தியில்லையே? பைப்பைத் திறந்துபோட்டே ஊர் சுத்தப் போறது? இண்டைக்கே உன்ர மாமாவுக்குக் கடிதம் போடுறன். மாச முடிவில எனக்கு வீடு வேணும்."

பரமேஸ் என் பக்கம் திரும்பவும் இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றாள். வேட்டியைப் பிழிந்தாள்.

அவள் ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் நீட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"அவா இல்லை" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். "நான்தான் அம்மா. அவா பூட்டச் சொன்னவா."

"ஏன் தம்பி அப்பிடிச் செய்தனீர்?"

அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. குளம், அதில் தண்ணீர் திறக்கிற துருசு, வாய்க்கால், முறை, மேல் வக்கடை, கீழ் வக்கடை, பக்கத்து வயல்காரனின் குணம், அவனுடைய தகப்பனின் குணம் என்று நான் தொடங்கினேன். இருபத்தாறு வருடமாகத் தேக்கி வைத்த பேச்சு. நிறுத்த எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா நடுவில் கதிரையைத் துடைத்து இருந்துவிட்டார். கீழ் வக்கடையைத் துணியால் கட்டிய இடம் வந்ததும் குடையை மடக்கினார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"பிள்ளை, இந்த மனிசன் எப்பவும் இப்பிடித்தான் கதைப்பாரோ?"

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும் அம்மா" என்றாள் பரமேஸ்.

அந்த அணை அரிசி முழுவதும் நனைந்துவிட்டது. ஆகவே எங்கள் தேனிலவின் கடைசி நாளை அந்த அம்மாவின் முற்றத்தில் பாய் விரித்து, அரிசி காயவைத்து, கொழும்புக் காகம் கலைத்தே கழித்தோம். பரமேஸ் ஒரு பக்கம், நான் மறுபக்கம். எட்டு நாள் கடற்கரையில் கதைக்காததை எல்லாம் அந்தப் பாய்க்குக் குறுக்கே கதைத்தோம். வீட்டுக்கார அம்மா கதிரையில் இருந்து மேற்பார்வை. மத்தியானம் அந்த அரிசியிலேயே சோறு சமைத்துத் தந்து, தானும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

"கடிதம் போடேல்லை" என்றார் கைகழுவும்போது. "ஆனா அடுத்த அறுவடைக்கும் இந்த அரிசி வர வேணும்."

அவர் இருந்தவரை போய்க்கொண்டே இருந்தது. மாமாவும் அந்த வீட்டில்தான் பென்சன் எடுத்தார். அவர் எழுதும் ஒவ்வொரு கடிதமும் இப்படித்தான் முடியும்: 'இங்கே யாவரும் நலம். பைப் பூட்டியிருக்கிறது.'

நான் பழையபடி பேசாத மனிதன்தான். வருடத்தில் ஒருதரம் ஏதாவதொன்று தொட்டு வாய் திறந்தால் லேசில் மூடாது. அப்போது பரமேஸ் பிள்ளைகளைக் கூப்பிடுவாள்: "ஓடி வாங்கோ, அப்பாவுக்கு முறை வந்திட்டுது. ஒருத்தரும் பூட்டாதேங்கோ!"

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எத்தனை தாள் என்று எண்ணினாள். ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய், வாசலுக்குக் குறுக்கே ஓர் அரிசிச் சாக்கை இழுத்துப் போட்டாள்.