எண்ணெய் வைக்காத வாரம்

ஒரகடம்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய செல்வலட்சுமி அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் காவேரி வணக்கத்துடன் எழுதுவது.

இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் "சொல்லு கண்ணு" என்றதுமே சொல்ல வந்தது மறந்துபோய், "சாப்ட்டீங்களா அத்தை" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் உங்கள் ஊர் வாலாஜாபாத்திலிருந்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் ஜோதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். என் முடி மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. அங்கே மாமாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் ஒரு பார்லரில் நான் ட்ரெட்லாக் போட்டுக்கொள்ளப் போகிறேன். முடியைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, குரோஷா ஊசியால் கோத்து, கயிறு கயிறாகத் தொங்கவிடுவார்கள். பயப்படாதீர்கள். பள்ளிக்கூடம் தொடங்கி காலேஜ் முடிக்கும்வரை இந்தச் சுருட்டை முடியை எண்ணெய் ஊற்றி, சீப்பை உடைத்து, இழுத்துப் பின்னி அடக்கித்தானே வைத்திருந்தோம்? பார்லர் நடத்தும் ஷாரோன் அக்கா வீடியோ காலில் என் தலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்ளோ அழகான முடிய வச்சிக்கினு எங்கம்மா இருந்த இத்தினி நாளா?" என்று கேட்டார். அத்தை, என் முடியை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குக் கம்பெனியில் நான் பரிசோதித்த பாகங்களில் ஒரு கோளாறுகூடக் கண்ணில் படவில்லை; எல்லாமே அழகாகத் தெரிந்தன. மறுநாள் அத்தனையையும் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள்.

ஷாரோன் அக்கா சொன்னது இவ்வளவுதான்: ஒரு வாரம் தலையில் எண்ணெய் கூடாது, கண்டிஷனர் கூடாது, ஷாம்பு மட்டும் போட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, விரித்த தலையோடு வர வேண்டும். பிசுக்கோ ஈரமோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் அலசியதுமே முடி எல்லாப் பக்கமும் எழுந்து நின்றுவிட்டது. பஸ்ஸில் பின்சீட்டு ஜோதி, "ஏய், கொஞ்சம் குனிடி, டிரைவர் கீறாரா இல்லியான்னே தெரில" என்கிறாள். வேலையில் போடும் கேப் மெதுவாக மேலே ஏறி டப்பென்று விழுகிறது. சூப்பர்வைசர் வெங்கடேசன் சார், "இன்னாம்மா, உள்ள டிபன் பாக்ஸ் எதுனா வச்சிருக்கியா?" என்று கேட்க, லைனே சிரிக்கிறது, நான் எப்போதும்போல் தரையைப் பார்க்கிறேன், தரையில் கேப் கிடக்கிறது. வூட்டுக்கு வந்தா அம்மா, "இன்னாடி கோலம் இது, எழவு வூட்லேர்ந்து வந்தவ மாரி"ன்னு ஆரம்பிச்சி, பேன் பாக்கறேன்னு பாசமா மடியில சாச்சிக்கினாங்க, நானும் அம்மா மனசு மாறிடுச்சின்னு கண்ண மூடிக்கினேன், கொஞ்ச நேரத்துல தேங்கா எண்ணெ வாசன, பாத்தா உள்ளங்கையில குளமா ஊத்தி வச்சிக்கினு தேச்சிக்கினு இருக்காங்க. மறுபடி ஷாம்பு, மறுபடி அலசல்.

நேத்து மொட்ட மாடியில தல காய வச்சிக்கினு இருந்தேன். வெயிலுக்குக் கண்ண மூடிக்கினு, தண்ணி போக தலைய வேகமா உதறினேன். துணி எடுக்க வந்த எதிர்வூட்டு சின்னப்பொண்ணு அக்கா பாத்துட்டு, "ஆத்தா எறங்கிட்டா!"ன்னு கீழ ஓடி, எலுமிச்சம்பழமும் கற்பூரமுமா திரும்பி வந்து, "தாயே, எம்புள்ள பிரசன்னாவ கம்பெனில பெர்மனென்ட் பண்ணுவாங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்குத்தான் யார்கிட்டயும் இல்லன்னு சொல்லத் தெரியாதே. "பண்ணுவாங்கக்கா"ன்னேன். அவ்ளோதான், தெருவே மாடி ஏறிடுச்சி. ஒருத்தங்க கையில மஞ்சத்தண்ணிக் குடம். அத ஊத்தினா ஞாயித்துக்கெழமைக்குள்ள எப்டி காயும்? நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினேன்.

எல்லாரும் போனப்புறம் அம்மா என்ன வாங்க போங்கன்னு கூப்ட்டு, மொத தோசைய எனக்கு வச்சாங்க. "ஆத்தா எறங்கின தலைல ஊசி படக்கூடாது. பார்லர் கீர்லர் வேணாம்." "ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, தல காய வச்சேன்"னேன். "அப்ப இப்டி ஒக்காரு"ன்னு எண்ணெ பாட்டில தொறந்துட்டாங்க. ஆத்தான்னா ஊசி கெடையாது, ஆத்தா இல்லன்னா எண்ணெ. நான் எங்க போவேன் அத்தை?

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மா சம்மதித்துவிட்டார், எண்ணெய் பாட்டில் இப்போது பரணில் இருக்கிறது. ஞாயிறன்று நானே பஸ் ஏறிப் போய், நாள் முழுக்க உட்கார்ந்து போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. சந்தோஷத்தைச் சொல்லத்தான் எழுதினேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

அன்புடன்,
காவேரி

பி.கு.: அம்மா எப்படிச் சம்மதித்தார் என்பதை எழுத விட்டுவிட்டேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க அத்தைக்குத் தெரியுமாடி இது?" என்று கேட்டார். நாத்தனார் செய்யும் காரியத்தில் அம்மா இதுவரை ஒரு குறை சொன்னதில்லை அல்லவா, அந்த அவசரத்தில், "தெரியும், அவங்களும் போட்டுக்கப் போறாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. ஷாரோன் அக்காவிடம் உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியபடி தனியாகப் போகவும் எனக்குத் தைரியம் இல்லை. ஒரே ஒரு கயிறு போதும் அத்தை, கொண்டைக்குள் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எண்ணெய் வைத்திருந்தால் தயவுசெய்து அலசிவிட்டு, ஞாயிறு காலை என்னோடு வருவீர்களா?