கலினாப் பழத்தை யார் தின்பார்கள்?

கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தது களைப்பினால் அல்ல. ஆறாம் நாள் சாயங்காலம் துஜா என்ற பசுமை மாறா வேலிச்செடியைப் படைத்துவிட்டதால், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒல்ஷ்டின் நகரத் தோட்டச் சங்கக் கூட்டத்தில் செனோன் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்குத் துஜாதான் வேலி.

சிரித்தது பக்கத்துத் தோட்டத்து ஹால்ஷ்கா மட்டும்தான். அவருடைய எல்லையில் வேலி கிடையாது. ஒரு கலினாப் புதர் இருந்தது. செக்கச்செவேலென்று கொத்துக் கொத்தாய்ப் பழம்.

"அதை வேகவெச்சா வாரக்கணக்குல போட்ட காலுறை மாதிரி நாறுதுக்கா. பறவைகூட சீண்டாது. வெட்டிப் போடுங்க" என்றார் செனோன்.

"நம்ம மண்ணுல தானா வர்ற செடி, தம்பி. எப்பத் தின்னணும்னு பறவைக்குத் தெரியும். உங்க துஜாவுல தின்ன என்ன இருக்கு?"

"வேலின்னா வேலி. அதென்ன ஓட்டலா?"

"ரெண்டு குச்சி தரேன், நட்டுப் பாருங்க."

"என் தோட்டத்துல விறகுக்கே எடம் இல்ல."

சங்கத் தலைவர் வித்தோல்ட் பஞ்சாயத்து பண்ணினார். பிப்ரவரியில் அவர் பார்வையிட வருவார். அதற்குள் ஏதாவது பறவை கலினாப் பழத்தைத் தின்றிருந்தால் செனோன் தன் துஜா வேலியைப் பிடுங்கிவிட வேண்டும். தின்னாவிட்டால் கலினா போகும். அந்த வேலி செனோன் தன் பிள்ளைகளைவிடக் கவனமாக வளர்த்தது. இருந்தும் அவர் யோசிக்காமல் கை குலுக்கினார்.

கிறிஸ்துமஸ் வரை ஒரு பறவையும் வரவில்லை.

"என்னக்கா, பந்தி போட்டு இவ்ளோ நாளாச்சு, ஒருத்தரும் கை நனைக்கலயே?" என்று காபிக் கோப்பையோடு வந்து நலம் விசாரிப்பது செனோனின் வழக்கமாயிற்று.

ஜனவரியில் பனி இறுகியது. ஒரு காலையில் கலினாக் கிளையில் ஒரு கரும்பறவை வந்து உட்கார்ந்தது. தின்னவில்லை. சும்மா பார்த்தது. செனோனுக்குக் காபி இறங்கவில்லை.

அன்றே எல்லையோரம் பறவையை விரட்டப் பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் அந்தப் பறவை தன் முகத்தைப் பார்க்க வந்தது, இரண்டு சிநேகிதர்களோடு.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் ஆந்தையை வாங்கிக் கம்பத்தில் நிறுத்தினார். ஆந்தையைக் கண்டால் காக்கைகளுக்கு ஆகாது. திட்டுவதற்கென்றே ஊர்க் காக்கைகள் மொத்தமும் வந்தன. காக்கைகள் யாரைத் திட்டுகின்றன என்று பார்க்க மற்றப் பறவைகள் வந்தன. கூட்டத்துக்கு வசதியான இடம் கலினாக் கிளைதான்.

ஆந்தையைக் கழற்றியபின் செனோன் நிதானமாக யோசித்தார். பிரச்சினை பசி. பசிக்கு வேறு இடத்தில் சோறு போட்டால்?

தன் துஜா வேலியின் உட்பக்கம், வெளியே தெரியாதபடி, உப்பில்லாத பன்றிக்கொழுப்பும் சூரியகாந்தி விதையும் கட்டினார். பட்டாணிக்குருவிகள் படையெடுத்தன. வேலியே கூச்சலிட்டுக் குலுங்கியது. கலினாவை எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. செனோன் நிம்மதியாகத் தூங்கினார்.

பார்வையிடும் நாள் காலையில் கொழுப்பு மாற்ற வந்தவர், சின்ன மணிகளைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றார். கலினா முழுக்கக் கொண்டை வைத்த பறவைகள். வடக்கேயிருந்து வந்தவை, வால் நுனியில் மஞ்சள் தொட்டவை. பழத்தை முழுசு முழுசாக விழுங்கின. ஒன்று தான் பறித்ததைத் தின்னாமல் பக்கத்துப் பறவையிடம் நீட்டியது. அது வாங்கித் திருப்பிக் கொடுத்தது. இது மறுபடி நீட்டியது.

கை தட்டினால் போதும், எல்லாம் பறந்துவிடும். செனோன் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. கையிலிருந்த கொழுப்பு உறைந்து விரலோடு ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பழமும் தீர்ந்ததும் அவை ஒன்றாகக் கிளம்பின. கலினா மொட்டையாக நின்றது. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை. சாட்சி செனோன் ஒருவர்தான்.

சற்றுநேரத்தில் வித்தோல்ட் வந்தார்.

"பழத்தைக் காணோமே? காத்துல உதிர்ந்து பனியில பொதைஞ்சிருச்சா?"

'ஆமாம்' என்று சொன்னால் வேலி பிழைக்கும். செனோன் வாயைத் திறந்தார்.

"பறவைங்க தின்னுடுச்சு, அண்ணே."

"யார் பார்த்தது?"

"நான்தான். ஒண்ணு இன்னொண்ணுக்கு ஊட்டிவிட்டுச்சு அண்ணே! அது வேணாம்னு திருப்பிக் குடுத்துச்சு, இது விடல..."

"யோவ், வேலியைப் பிடுங்கணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

வித்தோல்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இதை நேத்து சொல்லியிருக்கக் கூடாதா? 'ஊர்ப் பறவை மொத்தமும் அவர் துஜாவுலதான் குடியிருக்கு, என் கண்ணால பார்த்தேன், நான்தான் இத்தனை வருஷமா தப்பா நினைச்சுட்டேன்'னு ஹால்ஷ்கா வந்து அழுதுட்டுப் போச்சு. இன்னைக்குக் கலினாவை வெட்டிட்டுத் துஜா வைக்கப் போகுது. கன்னு வாங்கத்தான் சந்தைக்குப் போயிருக்கு."

வித்தோல்ட் வாசல் தாண்டும்வரை காத்திருந்த செனோன், கத்தரியை எடுத்து, நடுவதற்கென்று கலினாவில் நான்கைந்து குச்சிகளை வெட்டிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சந்தைப் பக்கம் ஓட ஆரம்பித்தார்.