கொள்ளுச் சாமியார் கொடுத்த நம்பர்

பெங்களூரில் குதிரை ஓடியது. காரைக்காலில் புழுதி பறந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதத்தில் தருமபுரத்துக்குப் போன கூட்டத்தைப் பார்த்தவர்கள் அங்கே ஏதோ கும்பாபிஷேகம் என்றே நினைத்தார்கள். அங்கே இருந்தது ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு மான்தோல், அதன்மேல் அசுவானந்தர். பக்தர்கள் வைத்த பெயர் கொள்ளுச் சாமியார். மற்ற சாமியார்கள் திருநீறு கொடுப்பார்கள். இவர் ஊறவைத்த கொள்ளு கொடுப்பார். வாங்கியவர் அங்கேயே மென்று விழுங்க வேண்டும். சர்க்கார் குமாஸ்தாவும், பிரெஞ்சு பென்ஷன்காரரும், நெடுங்காட்டு விவசாயியும் வரிசையாக உட்கார்ந்து கொள்ளு மென்ற காட்சியைக் குதிரைகள் பார்க்காமல் போனது நல்லதாயிற்று.

சாமிக்கு அருள் வந்தால் கனைப்பார். கனைத்து முடித்ததும் பக்தரின் காதோடு வாய் வைத்து ஒரு நம்பர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் நடக்கும் பெரிய பந்தயத்தில் ஜெயிக்கப்போகும் குதிரையின் நம்பர் அது. காணிக்கையைத் தட்டில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் தங்கப்பன் வாடகை சைக்கிள் கடையில் பந்தயம் கட்டிவிட வேண்டியது. அந்தக் கடையில் ஓடுகிற சைக்கிள் ஒன்றுகூடக் கிடையாது. டெலிபோன் மட்டும் இருந்தது.

சாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“வாயைத் திறந்து யாருகிட்டயும் சொல்லப்படாது. பெத்த தாயார்கிட்ட சொன்னாலும் குதிரைக்குக் கால் இடறிடும்!”

ஆகவே ஜெயித்தவன் ஊரெல்லாம் ஓடிச் சாமி புகழ் பாடினான். தோற்றவன் வாயைப் பொத்திக்கொண்டான். எங்கே உளறினோம், யாரிடம் உளறினோம் என்று தன்னையே நொந்துகொண்டான். சாமி சொன்னது தப்பு என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. பக்தி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் தட்டு நிறையும்.

பந்தயத்தின் பாஷை தெரியாதவர்களுக்குக் கொட்டகை வாசலிலேயே ஓகுஸ்தேன் பாடம் எடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அதனால் ஊராருக்கு அவர் ‘முசியே’; பாரீசில் குதிரைக்குப் பணம் கட்டிக் கைதேர்ந்தவர். அதாவது தோற்பதில்.

“வின்னுன்னா ஒங்க குதிரை மொதல்ல வரணும். பிளேஸுன்னா மூணுக்குள்ள வந்தாப் போதும்; ஆனா காசு கம்மி. ஃபேவரிட்டுன்னா எல்லாரும் பணம் கட்டுற குதிரை. டென் டு ஒன்னுன்னா ஒரு ரூவாய்க்குப் பத்து ரூவா கெடைக்கும்.”

“ஏன் முசியே அவ்வளவு குடுக்குறாங்க?”

“அந்தக் குதிரை வரும்னு யாரும் நம்பலியே, அதான்.”

“தோத்துப்போறதுக்கு என்னா பேருங்க?”

“அதுக்குப் பேரு கெடையாது. அது தானா வரும்.”

இவ்வளவு தெரிந்த ஓகுஸ்தேனும் உள்ளே போய்க் கொள்ளு மென்றார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நெடுங்காட்டுத் தெட்சிணாமூர்த்திக்கு முந்தின வாரம் சாமி சொன்ன குதிரை வந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. இந்த வாரம் ஏர்மாடு இரண்டையும் விற்று மொத்தப் பணத்தையும் சாமி சொல்லப்போகும் ஒரே குதிரையின்மேல் கட்டுவதாக முடிவு செய்தார். மாடுகள் அவருடையவை அல்ல. மனைவி பங்கஜவல்லிக்கு அவள் அப்பா கொடுத்த சீர்.

“ஏங்க, வாய்க்கால்ல இப்பத்தான் தண்ணி எட்டிப் பாக்குது. மாட்ட வித்துப்புட்டு வயல எதால உழுவீங்க? குதிரையாலயா?”

“ஞாயித்துக்கெழம முடியட்டும்டி. நாலு மாடா வாங்கிப்புடலாம்.”

“சாமி எந்தக் குதிரைன்னு சொன்னதும் எனக்காவது சொல்லுவீங்களா?”

“சொன்னா அதுக்குக் கால் இடறிடும்!”

“பெங்களூர்ல நிக்கிற குதிரைக்கு நீங்க நெடுங்காட்டுல பேசுறது காதுல வுழுவுமா?”

தெட்சிணாமூர்த்தி மாட்டுத் தரகரைத் தேடிப் போய்விட்டார். சனிக்கிழமை மாட்டையும் தரகரையும் கூட்டிக்கொண்டு தருமபுரம் கிளம்பினார். பங்கஜவல்லியும் பின்னாலேயே வந்தாள். மாடு போனால் அந்த வருஷச் சாப்பாடு போச்சு என்பது அவளுக்குத் தெரியும்.

கொட்டகையில் வந்த முறைப்படியே எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சாமி ஒருமுறை கனைத்துவிட்டு முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை காது காதாக ஓதி முடித்தார். தெட்சிணாமூர்த்திக்கும் ஓதினார். தரகர் வாசலில் மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் சேராமல் ஓரமாக உட்கார்ந்திருந்த பங்கஜவல்லி எழுந்து நின்றாள்.

“சாமி, ஒரு சந்தேகங்க.”

“கேளு மகளே.”

“நம்பரை வாயால சொன்னாத்தானே குத்தம்?”

“வாய்தான் மகளே எல்லாத்துக்கும் விரோதி!”

“அப்ப யாரும் வாயத் தொறக்க வேண்டாம். முசியே நம்பரைப் படிக்கட்டும். அவங்கவங்க நம்பர் வந்தா கையத் தூக்கட்டும். அம்புட்டுதான்.”

சாமிக்குக் கனைப்பு வரவில்லை, இருமல் வந்தது. ஆனால் கூட்டத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே நம்பர்தானே, எல்லாக் கையும் ஒன்றாகத் தூக்கப்போகிறது, பார்க்க அழகாக இருக்குமே! ஓகுஸ்தேன் பந்தயப் பேப்பரைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒண்ணாம் நம்பர், சில்வர் கிங்!”

சில கைகள் எழுந்தன. தூக்காதவர்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“ரெண்டாம் நம்பர், ரோஸ் குவீன்!”

வேறு சில கைகள். இப்போது முதலில் தூக்கியவர்கள் இவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மூன்றுக்குச் சிரிப்பு வந்தது. நாலுக்கு முணுமுணுப்பு. ஐந்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறுக்குத் தெட்சிணாமூர்த்தியின் கை பாதியில் நின்றது. ஏழுக்கு ஓகுஸ்தேன் தானே படித்துத் தானே கையைத் தூக்கினார். எட்டுக்கும் கை இருந்தது.

பங்கஜவல்லி வரிசையைக் காட்டினாள்.

“பாத்தீங்களா? ஏழு பேர வுட்டு ஒரு கை, ஏழு பேர வுட்டு ஒரு கை. நாங்க நாத்து நடுறப்பகூட இவ்வளவு ஒழுங்கா எடம் வுட மாட்டோம். ஓடுறது எட்டுக் குதிரை. எட்டையும் சொல்லி வச்சா, அதுல ஒண்ணு செயிக்காம எங்க போவும்?”

“போன வாரம் எனக்கு வந்துச்சேடி!”

“ஒங்களுக்கு வந்துச்சு. பக்கத்துல குந்தியிருந்தவருக்கு?”

போன வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தட்டுத் தடுமாறி எழுந்தார். “அடப்பாவி! நான் தூக்கத்துல ஒளறிட்டேன், அத எம் பொண்டாட்டி கேட்டுட்டான்னுல்ல நெனச்சேன்! ஒரு வாரமா அவகூடப் பேசாம இருக்கனே!”

சாமி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மான்தோலில் ஏறி நின்று கத்தினார்.

“டெட் ஹீட்! டெட் ஹீட்! நாளைக்கு எட்டுக் குதிரையும் ஒண்ணா வரும்!”

“ரெண்டு குதிரை மூக்கு ஒரே நேரத்துல கோட்டைத் தொட்டா அதுக்குப் பேரு டெட் ஹீட்,” என்றார் ஓகுஸ்தேன். “எட்டும் ஒண்ணா வரணும்னா எட்டையும் ஒரே கயித்துல கட்டித்தான் இழுத்துட்டு வரணும்.”

சைக்கிள் கடைத் தங்கப்பனுக்கு இந்த விளக்கம் போதவில்லை. பதறிப்போய் உள்ளே பாய்ந்தார்.

“யோவ் ராட்டினம்! எட்டும் செயிச்சா நான் எல்லாருக்கும்ல பணம் குடுக்கணும்? தோக்குறவன் காசுல பாதி ஒனக்குன்னுதானே பேசினோம்? இத அப்பச் சொல்லலியே!”

கொட்டகையே தங்கப்பன் பக்கம் திரும்பியது. தங்கப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? அசுவானந்தரின் பூர்வாசிரமம் வெளியே வந்துவிட்டது. நாகூர்ப் பக்கம் திருவிழாக்களில் மரக்குதிரை ராட்டினம் சுற்றியவர் அவர். அந்தக் குதிரைகள் எத்தனை சுற்று ஓடினாலும் ஒன்றுகூட முதலில் வராது. காசு வாங்குகிறவர் மட்டும் தினமும் ஜெயிப்பார். அந்த ஞானத்தைத்தான் தருமபுரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

பக்தர்கள் காணிக்கைத் தட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது சாமி கீற்றைப் பிய்த்துக்கொண்டு பேரளம் ரயிலைப் பிடிக்க ஓடினார். நல்ல ஓட்டம். அவர்மேல் யாரும் பணம் கட்டவில்லை.

தெட்சிணாமூர்த்தி தரகர் கையிலிருந்து மாட்டுக் கயிற்றை வாங்கினார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“வா, போவலாம். பொழுதுக்குள்ள ஒரு சால் உழவாவது ஓட்டிப்புடலாம்.”

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ரோஸ் குவீன் முதலில் வந்தது. திங்கட்கிழமை காலையில் அன்று இரண்டாம் நம்பருக்குக் கை தூக்கியவர்கள் காலிக் கொட்டகைக்கு முன்னால் நின்று, “நம்ம விஷயத்துல சாமி சரியாத்தான் சொன்னாரு,” என்று பேரளம் போக வழி விசாரித்தார்கள்!

பக்கத்தில் ஓடுகிறதைப் பார்க்கக்கூடாது என்று குதிரையின் கண்ணுக்கு இருபுறமும் தோலை வைத்துக் கட்டுவார்கள். அது வாயில்லாப் பிராணி, கட்டினால் ஓடும். நீங்கள் மனிதர்கள். இனி எவனாவது உங்கள் காதில் ரகசியம் ஓதினால், தலையைத் திருப்பிப் பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “ஒனக்கு என்னய்யா சொன்னான்?”