முகூர்த்தத்துக்குப் போன பம்பர்

பழுதான வண்டியை இன்னொரு வண்டி இழுத்துச் செல்வதற்கு விதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இழுக்கப்படும் வண்டிக்குள் ஓட்டத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று பின்னால் எழுதி மாட்ட வேண்டும். வேகமாகப் போகக் கூடாது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் இத்தனையையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அப்படியிருந்தும், என் தங்கை மகளின் கல்யாணத்தன்று எனக்கும் என் காரின் பம்பருக்கும் இடையே பல கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. பம்பர் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மூன்றாம் பந்திக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும். கார் வாங்கத்தான் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் கார்களுக்குப் பதவிப் பெயரும் மனுஷப் பெயரும் வைத்தார்கள். ஒன்று தன்னைத் தூதர் என்று சொல்லிக்கொண்டது. இன்னொன்றுக்கு ஒரு ராணியின் பெயர். தூதரின் கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடும். ராணிக்குள் உட்கார்ந்திருந்தால் மழைக்காலத்தில் காலடியில் குளம் கட்டும். ஆனாலும் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. இப்போது எந்த நாட்டு மொழியிலும் அர்த்தம் இல்லாத ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதன் வாலில், கணக்குப் பரீட்சையில் தவறியவன் எழுதியது போல இசட், எக்ஸ், பிளஸ் என்று ஒட்டிவிடுகிறார்கள். நான் வாங்கிய மின்சாரக் காரின் பெயர் 'ஸைவாரா இசட் எக்ஸ் பிளஸ்'. பிளஸ் எதற்கு என்று கேட்டேன். "அது ஒரு ஃபீல் சார்" என்றாள் விற்பனைப் பெண். (அந்த ஃபீலுக்குத் தனி விலை.)

பழைய கார்கள் உருண்டைக் கண்களால் உலகத்தைப் பார்த்து விழித்தன. என் கார் முறைத்தது. வட்டி கட்டாதவன் வீட்டு வாசலில் வந்து நிற்பவனின் முகம் அதற்கு. கண்கள் இரண்டு கீறல். வாய் மட்டும் ஊரை விழுங்கும் அகலம். அதற்குள் கறுப்பாக ஏழெட்டுப் பற்கள். பம்பரைச் சுண்டினால் குளியலறை வாளியைச் சுண்டியது போலக் கேட்டது. நான் முன்பு வைத்திருந்த காரின் பம்பர் இரும்பு. அதில் எருமையைக் கட்டலாம். எருமை நடந்தால் கார்தான் கூடப் போகும், பம்பர் கழன்று வராது.

இந்த ஞானம் எல்லாம் பிற்பாடு வந்தது. வாங்கிய புதிதில் காலையும் மாலையும் அந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒரு நாளு இப்புடித் தலை தொவட்டி விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி வசந்தா.

ஜெயங்கொண்டத்தில் என் தங்கை செல்வியின் மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் அவளை மேடைக்கு அழைத்து வருவார்கள். செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கயல் பிறந்த அன்றே எனக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட வேலை அது.

"மொத நாளே வந்துருண்ணே" என்றாள் செல்வி.

"எதுக்கு? ஏழு மணிக்குப் பெரம்பலூர்ல கெளம்புனா எட்டரைக்கு மண்டப வாசல்ல நிப்பேன்" என்றேன். முதல் நாளே போனால் கார் எங்கேயோ ஓரத்தில் நின்றுவிடும். காலையில், கூட்டம் கூடிய பிறகு, சீர்த்தட்டுகளோடு அந்த முறைக்கிற முகம் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும் என்பது என் திட்டம்.

காரணம் செல்வியின் கணவர் ராமலிங்கம். முந்திரி வியாபாரி. காரின் பெயரைக் கேட்டதுமே, "மாத்திர பேரு மாதிரி இருக்கே மச்சான். சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றவர்.

"கல்யாணத்தன்னிக்குப் பாருங்க மாப்ள" என்று சொல்லியிருந்தேன். பார்த்தார்.

அன்று அரியலூர் வரைக்கும் குறை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் சுண்ணாம்புக்கல் லாரிகள். ரோடே மாவு சலித்தது போல வெள்ளையாகக் கிடந்தது. என் கார் கறுப்பு. மண்டப வாசலில் விபூதி பூசிய முகத்தோடு போய் நிற்பதா என்று ஒரு கிராமத்து ரோட்டில் திருப்பினேன். உடையார்பாளையத்துக்கு முன்னால் ஓரிடத்தில், ரோட்டை முழுதாக அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும்; களத்தில் அடிக்க வேண்டியதில்லை.

ஓரத்தில் முறத்தோடு ஓர் அம்மாள். டிராக்டரில் சாய்ந்தபடி அவள் புருஷன்.

கண்ணாடியை இறக்கினேன். "இது பொதுச் சாலைம்மா. களம் கெடையாது. இங்க கதிரடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"அப்ப ஒரு களம் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க சார். பாத்தா ஆபீசர் மாதிரி இருக்கீங்க" என்றாள் அந்த அம்மாள்.

"ஏத்துங்க சார், தாராளமா ஏத்துங்க. மினி பஸ்ஸே ஏறிப் போவுது" என்றார் அவள் புருஷன்.

ஏற்றினேன். மினி பஸ்ஸின் வயிறு உயரத்தில் இருக்கிறது. என் காரின் வயிறு, ஓட்டத்தில் காற்றைக் கிழிக்க வேண்டும் என்பதற்காகத் தரையோடு தாழ்ந்து கிடந்தது. காற்றுக்குப் பதில் கொள்ளுச் செடியை வாரிச் சுருட்டிக்கொண்டது. அடியில் பிளாஸ்டிக் முறியும் சத்தம். கருகல் வாசனை. எதிரே உள்ள திரையில், இனி ஊர்ந்துதான் போக முடியும் என்று ஓர் ஆமைப் படம் வந்தது. கார் பத்தடி ஊர்ந்தது. பிறகு ஆமையும் அணைந்தது, திரையும் அணைந்தது.

கையேட்டைப் பார்க்கலாம் என்றால், கையேடே அந்தத் திரைக்குள்தான் இருந்தது. பழைய காருக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். என்ன ஆனாலும் புத்தகத்துக்கு மின்சாரம் போகாது.

"டிராக்டர்ல ஏறி வாங்க, போயிரலாம்" என்றாள் வசந்தா. அதற்குள் அந்த அம்மாளும் அவளும் சீர்த்தட்டுகளை டிராக்டரின் டிரெய்லருக்கு மாற்றத் தொடங்கியிருந்தார்கள். "காரு இங்கயே கெடக்கட்டும். யாரும் திங்க மாட்டாங்க."

அன்று என் வாழ்க்கையில் சரியாக எடுத்திருக்க வேண்டிய முடிவு அது ஒன்றுதான். நான் ராமலிங்கத்தை நினைத்துப் பார்த்தேன். சீர் டிராக்டரில் வந்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அவர் பேச்சைக் கேட்க வேண்டும். "கார் இல்லாம நான் வர மாட்டேன். கட்டி இழுங்க" என்றேன்.

டிராக்டர்க்காரர் உற்சாகமாக மொத்தமான கயிறு ஒன்றை எடுத்து வந்து, காரின் முன்னால் குந்தினார். "எங்க சார் கட்டுறது? இரும்பே கண்ணுல தட்டுப்படலையே."

"வாய்க்குள்ள விட்டு, பல்லோட சேத்துக் கட்டுங்க."

"யான இழுத்தாலும் வுடாது சார்" என்று முடிச்சை இறுக்கினார். நான் அதற்குள் லட்டுப் பெட்டியின் மூடியைக் கிழித்து, வசந்தாவின் கண்மையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மணி ஒம்போது தாண்டிருச்சுங்க. இப்பப் போயி என்னா எழுதுறீங்க?"

"பின்னால போர்டு மாட்டணும். விதி."

"சார், இந்த ரோட்டுல பின்னாடி ஆடுதான் வரும்" என்றார் டிராக்டர்க்காரர். "அதுக்குப் படிக்கத் தெரியாது."

இடைவெளியையும் கயிற்றைப் பிடித்து அளந்துவிட்டுத்தான் காரில் ஏறினேன். பட்டம் இருந்த கைப்பையோடு வசந்தா டிரெய்லரில், என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். என் கைபேசியும் அந்தப் பைக்குள் இருந்தது.

டிராக்டர் உறுமியது. கயிறு விறைத்தது. அப்பளம் உடைவது போல ஒரு சத்தம். அந்த முறைக்கிற முகம் முழுசாக, பற்களோடும் நம்பர் பிளேட்டோடும், என்னை விட்டுப் பிரிந்து டிராக்டரின் பின்னால் குதித்துக் குதித்துப் போனது. நான் நின்ற இடத்திலேயே விதிப்படி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹாரனை அழுத்தினேன், அதுவும் செத்திருந்தது. கையை வெளியே நீட்டிக் கத்தினேன். வசந்தா என்னைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். டிராக்டர்க்காரர் பக்கம் திரும்பிக் கையை வீசி ஏதோ சொன்னாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று நிம்மதியாகச் சாய்ந்தேன். டிராக்டர் வேகம் எடுத்தது.

மண்டபத்தில் நடந்ததை நான் கல்யாண வீடியோவில்தான் பார்த்தேன். (எல்லாரும் பார்க்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் போடுகிறார்கள்.) தாய்மாமன் சீர் நுழைந்ததும் வாசிக்க வேண்டும் என்று மேளக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். டிராக்டர் நுழைகிறது, மேளம் முழங்குகிறது, பின்னாலேயே என் காரின் முகம் சரளைக் கல்லில் தேய்ந்துகொண்டு வருகிறது. செல்வி ஆரத்தித் தட்டோடு ஓடி வருகிறாள். நம்பர் பிளேட்டைப் பார்க்கிறாள். தட்டு கீழே விழுகிறது.

"ஐயோ, அண்ணே! என்னப் பெத்த அண்ணே!"

பம்பரின் மேல் விழுந்து அழுகிறாள். தவில் நிற்கிறது. நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி வாசித்தவர் போலும், அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கிறார்.

வசந்தா டிரெய்லரிலிருந்து இறங்கி, "எந்திரி செல்வி, ஒண்ணும் ஆவல. ஒங்க அண்ணன் முழுசாத்தான் இருக்காரு. ரோட்டுல காருக்குக் காவல் இருக்காரு" என்கிறாள்.

ராமலிங்கம் குனிந்து பம்பரைத் தட்டிப் பார்க்கிறார். "மாத்திரைய வுட்டுட்டு உறைய மட்டும் அனுப்பிருக்காரு மச்சான்."

ஆள் அனுப்பி என்னை அழைத்து வர நேரம் இல்லை. முகூர்த்தம் முடிய இன்னும் சற்று நேரமே இருந்தது. ஐயர் அவசரப்படுத்த, வசந்தாவே பட்டத்தை எடுத்துக் கயலின் நெற்றியில் கட்டினாள். தாலி ஏறியது. "மாமன் வீட்டார் வாங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டபோது, யாரோ பம்பரைத் தூக்கி வந்து வசந்தாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் என்னைவிடப் பம்பருக்குப் படங்கள் அதிகம்.

நான் எச்சரிக்கை முக்கோணத்தை உரிய தூரத்தில் வைத்து, காத்திருந்து, கடைசியில் அந்த மினி பஸ்ஸிலேயே ஏறிப் பட்டுவேட்டி முழுக்கக் கொள்ளுத் தூசியோடு போய் இறங்கினேன். இரண்டாம் பந்தியின் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயல் மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏன் மாமா, ஒங்களுக்காக நான் எந்திரிக்காம ஒக்காந்தே இருந்தேன் தெரியுமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்ணில் மை கரைந்திருந்தது. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் அவள் நெற்றியைப் பார்த்து, "பட்டம் கோணலா இருக்கு" என்றேன். (வீடியோவில் இருக்கிறது.)

திரும்பும் பஸ்ஸில் வசந்தாவிடம் கேட்டேன்: "பம்பர் கழண்டத நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் நிறுத்தச் சொல்லல?"

"நிறுத்துனா நீங்க எறங்கி வந்து, கழண்ட பம்பருக்குத் தனியா ஒரு போர்டு எழுதுவீங்க. போவச் சொன்னேன்."

மறுநாளே கார் நிறுவனத்துக்கு மனு அனுப்பினேன். ஒரு பம்பர் இழுவையைத் தாங்க வேண்டுமா, வேண்டாமா என்று நேரடியாகக் கேட்டிருந்தேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு அனுப்பினேன். ஒரு மழைக்காலம் போயிற்று. என் மனுக்களை மேசைக்கு மேசை தூங்க வைக்க என்னைவிடத் தேர்ந்த ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். குடும்பத்தில் அதற்குள் எனக்குப் 'பம்பர் மாமா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கயலின் புகுந்த வீட்டாருக்கு என் இயற்பெயரே தெரியாது. ராமலிங்கம் பத்திரிகையிலேயே அப்படி அச்சடிக்க இருந்தார்.

அந்தப் பத்திரிகை கயலின் தங்கை கல்யாணத்துக்கு. முதல் நாள் மத்தியானமே பஸ்ஸில் போய் இறங்கினேன். ராத்திரி மண்டபத்திலேயே படுத்தேன். விடியற்காலையில் பெண் குளித்து வரும்முன் அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பட்டத்தை நானே கட்டினேன். அது கயலுக்கு இருந்ததைவிடக் கோணலாகப் போயிற்று. கயல் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போதுதான் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. 'தங்கள் வாகனத்தின் முன்பம்பர் தோற்றப் பொலிவுக்கான பாகம், இழுவைக்கு உரியதன்று. இழுவைக் கொக்கி பின்பெட்டியின் அடியில் உள்ளது.' (அன்று அதற்கு மேல்தான் சீர்த்தட்டுகளை அடுக்கியிருந்தேன்.) கண்காணிப்பாளர் பழக்கத்தில், பதிலின் ஓரத்தில் குறிக்கப் பேனாவைத் தேடினேன். கிடைக்கவில்லை, மனத்தில் குறித்துக்கொண்டேன். பதில் பெறப்பட்ட நாள்: வைகாசி பதினெட்டு.