கிரகப்பிரவேசத்தை மறித்த உண்ணி அக்கா

எங்கள் ஊர் வேங்கிக்காலில் உண்ணி அக்காவின் விரல் படாத மாட்டுக் காது ஒன்றுகூடக் கிடையாது. பேசிக்கொண்டே காதைப் புரட்டுவார், உண்ணியைப் பிடுங்குவார், இடுப்பில் செருகிய மண்ணெண்ணெய் பாட்டிலில் போடுவார். பால் வாங்கப் போன என் மச்சானின் காதுக்குப் பின்னாலும் ஒருமுறை பழக்கதோஷத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

அக்காவிடம் லட்சுமி என்று ஒரு பசு. அந்தப் பக்கம் எழும்பிய புது வீடுகளிலெல்லாம் முதலில் நுழைந்தது லட்சுமிதான். நானும் ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு லட்சுமியைக் கேட்கப் போனேன்.

மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக அம்மை கண்டுகொண்டிருந்த நேரம் அது. அக்கா முடியாது என்றார். லட்சுமி நன்றாகத்தானே இருக்கிறாள் என்றேன்.

"நல்லா இருக்கறதாலதாங்க வரமாட்டா. ஈயும் கொசுவும் உண்ணியும் ஒரு மாட்டுலேர்ந்து இன்னொரு மாட்டுக்கு நோவைத் தூக்கிட்டுப் போவுது. அது அடங்கறவரைக்கும் எந்த வாசலையும் மிதிக்கமாட்டா."

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேறொரு பசுவுக்கு ஏற்பாடு செய்தார்.

விடிகாலையில் வேன் வந்து நின்றது. பசுவின் கொம்பில் பூ, கழுத்துவரை பட்டுத்துணி, மணப்பெண் தோற்றுப்போவாள். யார் சொன்னார்களோ, டார்ச்சோடு அக்காவும் வந்துவிட்டார். வேனில் ஏறிப் பட்டுத்துணியைத் தூக்கினார். அடியில் காசு காசாகக் கட்டிகள். இறங்கி, வேன் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"இந்த மாடு கீழ இறங்கக் கூடாதுங்க."

டிரைவர், வெறும் கொசுக்கடி என்றார். ஐயர், நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். மச்சான், போலீசைக் கூப்பிடுவேன் என்றார். வரட்டும், அவர்களுக்கும் கட்டியைக் காட்டுகிறேன், டார்ச்சில் சார்ஜ் ஜாஸ்தியாகவே இருக்கிறது என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தெருவுல பதினோரு மாடு இருக்குதுங்க. பாதிப் பேருக்கு அதான் சோறு. உங்களுக்கு நல்ல நேரம் நாளைக்கும் வரும்."

வேனைத் திருப்பச் சொன்னேன். மாடு இல்லாமலே பால் காய்ச்சினோம். அக்கா அதே வேனில் ஏறிப் போய், மாட்டு டாக்டரை வரவழைத்து, அந்தப் பசுவைத் தனியாகக் கட்டி, கொசுவலை போட்டுவிட்டுத்தான் திரும்பினார். திரும்பியதும் தலைக்குக் குளித்த பிறகே லட்சுமியின் பக்கம் போனார்.

அந்தப் பசு பிழைத்தது. எங்கள் தெருவில் ஒரு மாட்டுக்கும் நோவு வரவில்லை. ஆனால், நல்ல காரியத்தை மறித்தவள் என்று அக்காவுக்குப் பேராகிவிட்டது. பால் வாங்குவதைச் சிலர் நிறுத்தினார்கள், மாடு வைத்திருந்த சிலர் பேச்சையே நிறுத்தினார்கள். அக்கா யாரிடமும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தியவர்கள் வீட்டு மாடுகளுக்கும் முன்போலவே உண்ணி பிடுங்கினார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலை, கதவைத் திறந்தால் வாசலில் குளிப்பாட்டிய லட்சுமி, பக்கத்தில் அக்கா.

"நோவு அடங்கிடுச்சுங்க. நவுருங்க, அவ உள்ள வரட்டும்."

லட்சுமி நடுக்கூடத்தில் நின்று நிதானமாகச் சாணம் போட்டாள். என் மனைவி கைகூப்பினாள். அக்காவை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அத்தனை நாளும் நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தோம். அவர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.