புளி போட்டு விளக்கிய பஸ்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு முழ நீளப் பஸ் ஒன்று, ஓடாமலேயே ஒரு குடும்பத்தைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

ஆயுதபூஜையன்று காலை, பாளையம்பட்டி வீட்டுக் கொல்லையில் இன்பராஜ் போட்ட கூச்சலில் முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன.

"அடியே சுபத்ரா! பஸ்ஸ என்ன பண்ணுன?"

"வெளக்கி வச்சிருக்கேன். துருப்பிடிச்ச சாமானையா சாமி முன்னாடி வைப்பாக? புளி போட்டு நல்லாத் தேச்சேன்."

"அது இரும்பு இல்லடி, பிளாஸ்டிக் அட்டை! துரு நான் வரைஞ்சது!"

காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சுபத்ரா அன்று விடிந்ததும்தான் திரும்பியிருந்தாள். அவள் இல்லாத இருபது நாளில், வேலையிலிருந்து நின்றுவிட்ட தறி மெக்கானிக் இன்பராஜ் ரகசியமாகச் செய்தது அது. முதலில் பளபளக்கும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மெல்லிசாக வெள்ளிப் பெயிண்ட்; அப்போதுதான் அலுமினியத் தகடு போலவே தெரியும். பம்பரில் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துரு. படிக்கட்டு விளிம்பில் பென்சில் தூளைத் தேய்த்து, ஆயிரம் செருப்பு ஏறித் தேய்ந்த இரும்பு. கடைசியாக, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை வெட்டி, டிரைவர் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி.

"நெசத் துருன்னே நெனச்சியா?" கோபத்துக்கு நடுவே அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

"நெனக்காமலா கை வலிக்கத் தேச்சேன்?"

பஸ் யாருக்கு என்று தெரிந்ததும்தான் சுபத்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அப்பா சங்கையா திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஓட்டிய பஸ்ஸின் அச்சு அசல் அது. மதியம் அவர் சாப்பிட வருகிறார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் ஓடிப்போனதே அந்தப் பஸ்ஸில்தான். விடியற்காலையில் கிளம்புவது அது ஒன்றுதான், வேறு வழியில்லை. முக்காடு போட்டுப் பின்சீட்டில் பதுங்கினார்கள். பாதி வழியில், பெண்ணைத் தேடி வந்த சித்தப்பாமார் ரோட்டில் நின்று கைகாட்டினார்கள். பஸ் நிற்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சங்கையா பிறகு சொன்னதாகக் கேள்வி. அந்தப் பிரேக்கை இவர்கள் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

பேத்தி பிறந்த பின் சங்கையா வரப்போக இருந்தார். ஆனால் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. எதிரே உட்கார்ந்துகொண்டே, "அவுகளச் சாப்பிடச் சொல்லுத்தா" என்பார் மகளிடம். அவர் வாயால் ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை' என்று கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை துருவும்.

மணி பத்து. மறுபடி கறுப்பு அடித்து, அது காயும்வரை பொறுக்காமல் இன்பராஜ் வெள்ளியைப் பூசினார். இரண்டும் கலந்து சாம்பல் குழைத்தது போல் ஆயிற்று. காயட்டும் என்று மொட்டைமாடியில் வைத்தார். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? பஸ்ஸின் கூரை அப்பளமாக நெளிந்தது. நெளிவை மறைக்கத் துருவை அள்ளி அப்பினார்.

"ஏங்க, கெணத்துல தூர்வாரி எடுத்த பஸ்ஸு மாதிரில்ல இருக்கு."

"நீ பேசாத."

"சந்தனம் வச்சா மறஞ்சிரும்."

வைத்தாள். ஈரப் பெயிண்டில் சந்தனம் இழுகி, பஸ்ஸுக்கு அம்மை வார்த்தது போல் ஆனது.

வாசலில் செருப்புச் சத்தம்.

சங்கையா உட்கார்ந்தார். பஸ்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா வண்டின்னு அவுககிட்ட கேளுத்தா."

"ஒங்க வண்டிதான்ப்பா."

இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மாமா..."

கிழவர் பம்பரைத் தடவினார், படிக்கட்டைத் தடவினார். ஜன்னல் வழியே உள்ளே உற்றுப் பார்த்தார். அந்த வெள்ளித்தாள் கண்ணாடியில் மட்டும் புளியும் படவில்லை, சந்தனமும் படவில்லை. சுண்டுவிரலை நுழைத்து, அதைப் பின்சீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு மகளைப் பார்க்காமல் நேரே இன்பராஜைப் பார்த்தார்.

"பேச ஆரம்பிச்சா வாய் தவறிரும், எந்தம்பிமாரு காதுக்குப் போயிரும்னுதான் இத்தன வருசமாப் பேசல, மாப்பிள்ள. ஒங்க ரெண்டு பேரையும் இந்தக் கண்ணாடியிலதான் பாத்தேன். அன்னைக்கு பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சாமான்கள் துருவேறாமல் மின்னட்டும்; பார்த்தும் பாராதது போல வண்டியை ஓட்டிக் கரைசேர்க்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் நூறு வயது இருக்கட்டும்.